ஓரிரு வண்டி வைத்திருப்போருக்கான ஜி.பி.எஸ். கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒன்று முதல் பத்து வண்டிகள் வரை வைத்திருக்கும் லாரி உரிமையாளர்களும், பள்ளி வேன், டாக்ஸி ஓட்டுபவர்களும் குறைந்த விலை ஜி.பி.எஸ். கருவிகளைப் பற்றி மீண்டும் மீண்டும் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் எளிதாகப் புரியும், ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

ஜி.பி.எஸ். மாட்டிட்டா மேலே இருக்கிற சேட்டிலைட் நம்ம வண்டியைப் பார்த்துட்டே இருக்குமா?

இல்லை. செயற்கைக்கோளுக்கு உங்கள் வண்டி இருப்பதே தெரியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், தம்மிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும் ஓயாமல் வானொலி அலையாக அனுப்பிக்கொண்டிருக்கின்றன. வண்டியிலுள்ள கருவி அதை வாங்க மட்டுமே செய்கிறது. அலை வந்து சேர ஆகும் நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தவுடன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நான்காவது எதற்கென்றால், கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைச் சரிசெய்வதற்கு. ஒரு மைக்ரோ வினாடி பிசகினாலும் தொலைவுக் கணக்கு 300 மீட்டர் தவறிப்போகும்.

இப்படிக் கண்டுபிடித்த இடத்தை உங்களுக்குச் சொல்வது செயற்கைக்கோள் அல்ல, கருவிக்குள் இருக்கும் சிம் கார்டு. அது சாதாரண செல்போன் டவர் வழியாகச் செய்தியை சர்வருக்கு அனுப்புகிறது, சர்வர் அதை உங்கள் மேப்பில் புள்ளியாகக் காட்டுகிறது. ஆக இதில் இரண்டு தொடர்புகள் உண்டு: வானத்திலிருந்து கருவிக்கு ஒன்று, கருவியிலிருந்து டவருக்கு ஒன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கீழே வரும் சந்தேகங்களில் பாதி தானே தீர்ந்துவிடும்.

அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? ஒண்ணு ரெண்டாயிரம், ஒண்ணு எட்டாயிரம்னு சொல்றாங்களே?

செயற்கைக்கோள் அலைவாங்கி, சிம் போடும் மோடம், கணக்கிடும் சிப், கொஞ்சம் நினைவகம், அசைவை உணரும் சென்சார், மின்சாரம் துண்டிக்கப்பட்டால் சிறிது நேரம் தாங்கும் சிறு பேட்டரி ஆகியவை இருக்கும். விலை வேறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரியின் அளவு, நினைவகம், தண்ணீரும் தூசியும் புகாத பெட்டி, 2ஜி மோடமா 4ஜி மோடமா என்பது, அரசு அங்கீகாரம் ஆகியவைதான். இடத்தைக் கண்டுபிடிக்கும் துல்லியத்தில் மலிவான கருவிக்கும் விலை உயர்ந்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. திறந்த வெளியில் இரண்டுமே சில மீட்டர் பிழைக்குள் காட்டும்.

டிரைவர் கிட்டதான் ஸ்மார்ட்போன் இருக்கே, தனியா கருவி எதுக்குங்க?

ஒரே வண்டி, நம்பிக்கையான ஓட்டுநர் என்றால் போனே போதும். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை அதிகபட்சம் 8 மணி நேரம் பகிரலாம், கூகுள் மேப்பில் நாமாக நிறுத்தும் வரை பகிரலாம். இதற்குச் செலவே இல்லை. ஃபாஸ்டேக் கணக்கில் உங்கள் எண் பதிவாகியிருந்தால், வண்டி பரனூர், கப்பலூர், சமயபுரம் போன்ற சுங்கச்சாவடிகளைத் தாண்டும்போது பணம் பிடித்த செய்தி வரும். அதுவும் இருப்பிடத் தகவல்தான். வண்டி எந்தத் தடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அறிய அதுவே பல நேரங்களில் போதுமானது.

போனில் உள்ள குறை என்னவென்றால், அது வண்டியோடு இருப்பதில்லை, ஓட்டுநரோடு இருக்கிறது. அவர் சாப்பிடப் போனால் மேப்பில் வண்டியும் சாப்பிடப் போகும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பல ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. ஓட்டுநர் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். வண்டி திருட்டுப் போனால் போன் ஓட்டுநரின் பையில்தான் இருக்கும். மூன்றாவது வண்டி வாங்கும் கட்டத்தில் தனிக் கருவிக்கு மாறிவிடுவது நல்லது.

லாரியில 24 வோல்ட், வேன்ல 12 வோல்ட். ஒரே கருவி ரெண்டுக்கும் ஆகுமா? எங்கே மாட்டணும்?

கருவியின் மேல் 9 முதல் 36 வோல்ட் வரை என்றோ அதற்கு மேலாகவோ அச்சிட்டிருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். வெறும் 12 வோல்ட் என்றிருந்தால் லாரியில் இணைக்கவே கூடாது. பெட்டி எப்போதும் டேஷ்போர்டின் அடியில், மேற்புறம் வானத்தை நோக்கி இருக்குமாறு அமைய வேண்டும். மேலே பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ இருந்தால் அலை ஊடுருவும், இரும்புத் தகடு இருந்தால் ஊடுருவாது. கேபினின் இரும்புக் கூரையோடு ஒட்டி மறைத்து வைத்துவிட்டு, இடம் சரியாகக் காட்டவில்லை என்று வருந்துபவர்கள் பலர்.

வயரிங் சற்றுப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான கருவிகளில் சிவப்பு பேட்டரிக்கும், கருப்பு எர்த்துக்கும், மூன்றாவதாக ஒரு வயர் இக்னிஷன் சாவிக்கும் போகும். மூன்றாவது வயரின் நிறம் கருவிக்குக் கருவி மாறும், கூடவே வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு மிச்சம் என்று அந்த மூன்றாவது வயரைச் சுருட்டி விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்பது கருவிக்குத் தெரியாது, அதிர்வை வைத்து ஊகிக்கும், கிலோமீட்டர் கணக்கும் நிறுத்தக் கணக்கும் தவறும். சிவப்பு வயரில் கட்டாயம் ஒரு ஃபியூஸ் வேண்டும். வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், ஏனெனில் லாரியின் அதிர்வில் முறுக்கிய இணைப்பு சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

இன்னும் இரண்டு செய்திகள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் உள்ள லாரியில் அந்த சுவிட்சுக்குப் பிறகு இணைத்தால், ஓட்டுநர் அதை அணைக்கும்போதெல்லாம் கருவி உள் பேட்டரிக்குப் போய்விடும். சுவிட்சுக்கு முன் இணைத்தால் எந்நேரமும் மின்சாரம் கிடைக்கும், ஆனால் வண்டி நிற்கும்போதும் உறங்காத (மின் செலவைக் குறைத்துக்கொள்ளாத) கருவி 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36. லாரி பேட்டரி இதைத் தாங்கும். மாதக் கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரின் சிறிய பேட்டரி தாங்காது. இரண்டாவது, பாடி பட்டறையில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங்கின்போது பாயும் மின்சாரம் கருவியை மட்டுமல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையையும் பாழாக்கக்கூடும்.

எந்த சிம் போடறது? மாசம் எவ்வளவு டேட்டா செலவாகும்?

முதலில் கருவி 2ஜியா 4ஜியா என்று பாருங்கள். மலிவான கருவிகளில் பல இன்றும் 2ஜி மோடம் கொண்டவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது என்பதால் அந்தக் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. புதிதாக வாங்குபவர்கள் 4ஜி கருவியே வாங்குவது நல்லது, 2ஜி என்றைக்கும் நிலைத்திருக்கும் என்று எண்ணிப் பணம் போட வேண்டியதில்லை.

டேட்டா மிகக் குறைவு. பத்து வினாடிக்கு ஒரு செய்தி, ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட் என்று கொண்டால், 12 மணி நேர ஓட்டத்துக்கு 4,320 செய்திகள், அதாவது ஒரு எம்.பி.க்கும் குறைவு. மாதம் முழுவதும் ஓடினாலும் 26 எம்.பி. அளவுதான். எனவே தினமும் ஒன்றரை ஜி.பி. தரும் திட்டம் தேவையில்லை. கருவிகளுக்கென்றே 13 இலக்க எண்ணுடன் எம்2எம் சிம்கள் தரப்படுகின்றன, ஆண்டுக் கட்டணமாகக் கட்டிவிட்டால் ரீசார்ஜை மறந்துவிடும் தொல்லை இல்லை. சாதாரண சிம் போட்டால் அது உங்கள் பெயரில் இருக்கட்டும், கருவியை மாட்டிக் கொடுத்தவரின் பெயரில் வேண்டாம்.

வண்டி ஓடிட்டுதான் இருக்கு, டிரைவர் போன்ல பேசறார். மேப்ல மட்டும் அரை மணி நேரமா ஒரே இடத்துல நிக்குதே?

மேப்பில் தெரியும் புள்ளி வண்டி அல்ல, வண்டியிடமிருந்து கடைசியாக வந்த செய்தி. ஆகவே புள்ளியைப் பார்ப்பதற்கு முன் அதன் அருகில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்க்கப் பழக வேண்டும். நல்ல செயலிகளில் இரண்டு நேரங்கள் இருக்கும்: கருவி கடைசியாகத் தொடர்புகொண்ட நேரம், கடைசியாக இடம் கிடைத்த நேரம். முதல் பதிலில் சொன்ன இரண்டு தொடர்புகளுக்கும் ஒவ்வொன்று.

இரண்டு நேரங்களும் பழையவை என்றால் டவர் தொடர்பு இல்லை. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஆசனூர் காட்டுக்குள் போகும் வண்டிக்கு இது இயல்பு. செயற்கைக்கோள் கிடைப்பதால் கருவி தன் நினைவகத்தில் குறித்துக்கொண்டே போகும், டவர் கிடைத்தவுடன் மொத்தமாக அனுப்பும், விடுபட்ட பாதை பிறகு மேப்பில் நிரம்பிவிடும். ஓட்டுநரின் போனில் பேச முடிகிறதே என்று கேட்பீர்கள். அவருடைய சிம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கலாம், கருவியினுடையது வேறாக இருக்கலாம்.

தொடர்பு நேரம் புதிதாகவும் இட நேரம் பழையதாகவும் இருந்தால், வண்டி குடோனுக்குள்ளோ அடித்தளத்திலோ நிற்கிறது, அல்லது கருவியின் மேல் யாரோ இரும்புப் பொருளை வைத்திருக்கிறார்கள். இரண்டும் பழையவையாகி, வண்டி ஊருக்குள்ளேயே இருந்தால், ரீசார்ஜ், ஃபியூஸ், கட்-ஆஃப் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள்.

காலையில சாவி போட்டு கொஞ்ச தூரம் போன பிறகுதான் இடம் காட்டுது. கருவி சரியில்லையா?

கருவி நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது, அந்த விவரம் சில மணி நேரமே செல்லுபடியாகும். இரவு முழுவதும் உறங்கிய கருவி அதைப் புதிதாக வாங்கிய பிறகே இடம் சொல்ல முடியும். சாவி போட்டு அரை நிமிடம் திறந்த வெளியில் நின்று கிளம்பினால் தொடக்க இடமும் சரியாகப் பதிவாகும்.

வண்டி ஷெட்ல நிக்குது. ராத்திரி பூரா சுத்தி வந்த மாதிரி கோடு கோடா காட்டுதே?

அலை சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும்போது நேர்வழியைவிடச் சற்று நீண்ட பாதையில் வருகிறது. கருவி அந்தக் கூடுதல் தூரத்தையும் உண்மை என்று எண்ணிக் கணக்கிடுவதால் புள்ளி இங்குமங்கும் அலைகிறது. சாவி அணைந்திருக்கும்போது இடமாற்றத்தைப் பதிவு செய்யாதே என்று அமைப்பில் மாற்றிவிட்டால் இது நின்றுவிடும். அதற்குத்தான் மேலே சொன்ன மூன்றாவது வயர் வேண்டும்.

மீட்டர்ல 412 கிலோமீட்டர், ஜி.பி.எஸ்.ல 388. யாரு சொல்றதை நம்பறது?

பணம் சம்பந்தப்பட்டது என்பதால் இதில்தான் சண்டை அதிகம். இரண்டுமே அளவைகள், இரண்டுக்கும் தனித்தனிப் பிழை உண்டு, ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு இந்த வேறுபாட்டை மட்டும் வைத்து வரவே கூடாது.

கருவி தூரத்தை அளப்பதில்லை, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துக் கூட்டுகிறது. நெடுஞ்சாலையில் இதனால் பெரிய இழப்பில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகும் வண்டியை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 333 மீட்டர் சாலை இருக்கிறது, அதற்குள் ஒன்றிரண்டு வளைவுகள் முழுமையாக அடங்கிவிடும். கருவி வளைவைத் தவிர்த்து மலையின் குறுக்கே கோடு போடும், தூரம் குறையும். பத்து வினாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றினால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும், டேட்டா செலவு எவ்வளவு என்பதை முன்பே பார்த்தோம். வண்டி திரும்பும்போதெல்லாம் கூடுதலாக ஒரு புள்ளி அனுப்பும் வசதியும் பல கருவிகளில் உண்டு, அதை இயக்கி வையுங்கள்.

மீட்டர் என்ன செய்கிறது? சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணுகிறது. லாரி டயரின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர். டயரின் பட்டன் (சாலையில் படும் மேல் ரப்பர்) 15 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 30 மில்லிமீட்டர் குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் 3 சதவீதம் அதிகமாகச் சுற்றும், மீட்டரும் 3 சதவீதம் கூட்டிக் காட்டும். 400 கிலோமீட்டருக்கு அது 12 கிலோமீட்டர். புது டயரோ ரீட்ரெடிங் செய்ததோ போட்டால் கணக்கு மறுபடி மாறும்.

வழக்கைத் தீர்க்க ஒரு வழி: நேரான நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 50 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டரும் கருவியும் காட்டியதை ஓட்டுநரையும் உடன் வைத்துக்கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிக்கு, அந்த டயருக்கு எவ்வளவு வித்தியாசம் என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். டிரிப் ஷீட்டில் அதைக் கழித்தோ கூட்டியோ எழுதினால் பேச்சு வளராது.

மாசா மாசம் சந்தா கட்டாம நாமளே சர்வர் வெச்சுக்க முடியாதா?

முடியும். டிராக்கார் என்ற, கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகளின் செய்தி வடிவங்களை அது புரிந்துகொள்ளும். மேப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தலாம், அதற்கும் கட்டணமில்லை. வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றே பத்து வண்டிகளுக்குத் தாராளம். கருவிக்கு எஸ்.எம்.எஸ். கட்டளை அனுப்பி, செய்தியை உங்கள் சர்வர் முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். வாங்கும்போதே அந்தக் கட்டளை விவரத்தைக் கேட்டு வாங்குங்கள், சில விற்பனையாளர்கள் தங்கள் சர்வரை விட்டு மாற்ற முடியாதபடி பூட்டி விற்கிறார்கள்.

சொந்தமாக நிரல் எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அலைவாங்கிகள் பொதுவாகத் தரும் வரியில் அட்சரேகை டிகிரியும் நிமிடமும் சேர்ந்து எழுதப்பட்டிருக்கும். 1304.962 என்றால் 13 டிகிரி 4.962 நிமிடம், அதாவது 13.0827 டிகிரி. இதை 13.04962 என்று படித்தால் வண்டி மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே தள்ளிப்போய் நிற்கும். வேகமும் அந்த வரியில் நாட் அளவில் இருக்கும், 1.852 ஆல் பெருக்கினால்தான் கிலோமீட்டர் கிடைக்கும். நண்பரோ உறவினரோ பராமரிக்கத் தெரிந்தவராக இருந்தால் சொந்த சர்வர் நல்ல ஏற்பாடு. அப்படி யாரும் இல்லையென்றால் சந்தா கட்டுவதே மேல்.

வெளியூர்ல வழி தெரியாது. லாரிக்கு கூகுள் மேப்பை நம்பிப் போகலாமா?

திசையையும் நெரிசலையும் அறிய நம்பலாம், ஊருக்குள் நுழையும் கடைசிச் சில கிலோமீட்டருக்கு நம்ப வேண்டாம். நம் நாட்டில் அது காருக்கும் பைக்குக்கும் வழி சொல்கிறதே தவிர, உங்கள் வண்டி தார்ப்பாய் கட்டிய உயரம் எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று கேட்பதில்லை. குறுக்கு வழி என்று அது காட்டும் தெருவில் ரயில்வே சுரங்கப்பாதை இருக்கலாம், உயரத் தடுப்புக் கம்பி இருக்கலாம், பகலில் கனரக வாகனத் தடை இருக்கலாம். பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்ட நிலையில் பன்னிரண்டு சக்கர லாரியை ரிவர்ஸ் எடுக்கும் அவதியை அனுபவித்த ஓட்டுநர் யாரும் இரண்டாம் முறை அந்தத் தவற்றைச் செய்வதில்லை.

ஓஸ்மேண்ட் செயலியில் லாரி என்று தேர்ந்தெடுத்து உயரத்தையும் எடையையும் கொடுக்கலாம், மேப்பை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் வழி காட்டும். ஆனால் அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாலத்தின் உயரத்தை யாராவது பதிந்திருந்தால்தான் அறியும், நம் பக்கத்தில் பதியாத பாலங்களே அதிகம். அந்த மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் செய்யலாம் என்பதால், உங்கள் தடத்திலுள்ள சுரங்கப்பாதைகளின் பலகையில் எழுதியிருக்கும் உயரத்தை நீங்களே பதிந்துவிட்டால் அடுத்து வரும் எல்லா லாரிக்காரர்களுக்கும் அது உதவும். லோடு ஏற்றும் இடத்திலேயே, இறக்கும் இடத்தின் காவலாளியைக் கூப்பிட்டு எந்தக் கேட் வழியாக லாரி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதை எந்தச் செயலியாலும் ஈடுசெய்ய முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஓட்டும்போது கைபேசியை வழி அறிவதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். எனவே ஸ்டாண்டில் பொருத்தி, வழிகாட்டும் குரலைத் தமிழில் வைத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஏ.ஐ.எஸ். 140 கேக்கறாங்க. ரெண்டாயிரம் ரூபா கருவியைக் காட்டினா எஃப்.சி. ஆகுமா?

எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்று அதற்குக் கிடைக்காது. ஏ.ஐ.எஸ். 140 என்பது வாகனத் துறைக்கான இந்தியத் தர அளவு. மத்திய மோட்டார் வாகன விதி 125எச்-இன்படி, 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய பயணிகள் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கும் இ-ரிக்‌ஷாக்களுக்கும் விலக்கு உண்டு. அந்தக் கருவியில் சிம் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும், வண்டி மின்சாரம் இல்லாமல் குறைந்தது நான்கு மணி நேரம் இயங்க வேண்டும், அவசரப் பொத்தானை அழுத்தினால் அரசின் கட்டுப்பாட்டு மையத்துக்கும் செய்தி போக வேண்டும். கருவியின் எண், வாகனப் பதிவுக்கான அரசு இணையதளமான வாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணோடு இணைக்கப்படும்.

டாக்ஸி, வேன், பேருந்து வைத்திருப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட கருவியையே வாங்க வேண்டும். அதன் தகவலை உரிமையாளரும் செயலியில் பார்க்கலாம் என்பதால் மலிவுக் கருவி ஒன்றைத் தனியாக மாட்ட வேண்டியதில்லை. சாதாரணச் சரக்கு லாரிக்கு இந்தப் பதிலில் பெரும்பகுதி பொருந்தாது, ஆனால் எரிவாயு போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்குத் தனி விதி வந்திருக்கிறது, டேங்கர் வைத்திருப்பவர்கள் எஃப்.சி.க்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாவிக் நம்ம நாட்டு ஜி.பி.எஸ்.னு சொல்றாங்களே, அது இருந்தா இன்னும் துல்லியமா காட்டுமா?

நாவிக் இஸ்ரோ உருவாக்கிய அமைப்பு. முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. ஜி.பி.எஸ். உலகம் முழுவதற்குமானது, நாவிக் இந்தியாவுக்கும் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் சுற்றளவுக்கும் உரியது. ஏழு செயற்கைக்கோள்களாகத் திட்டமிடப்பட்டது, ஆனால் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023 மே 29 அன்று இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்துடன் என்.வி.எஸ்.-01 என்ற நாவிக் செயற்கைக்கோள் வெற்றிகரமாக ஏவப்பட்டது. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 திட்டமிட்ட பாதையை அடையவில்லை.

எனவே இன்றைக்கு நாவிக்கைத் தனித்து நம்பிக் கருவி வாங்க வேண்டாம். ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவற்றோடு நாவிக்கையும் சேர்த்து வாங்கும் கருவி என்றால் கூடுதல் செயற்கைக்கோள்கள் தெரியும், உயரமான கட்டடங்கள் நெருங்கிய தெருவில் அதன் பயன் கிடைக்கும். திறந்த சாலையில் வேறுபாட்டை உணரவே மாட்டீர்கள்.

டீசல் திருட்டைக் கண்டுபிடிச்சுடுமா?

இருப்பிடக் கருவி மட்டும் கண்டுபிடிக்காது. டேங்கின் மிதவை வயரோடு இணைத்தால் ஓரளவு தெரியும், ஆனால் சரிவில் நிறுத்தினாலும் டீசல் அலைந்தாலும் முள் ஏறி இறங்கும். டேங்கைத் துளையிட்டுப் பொருத்தும் சென்சார் துல்லியமானது, விலையும் கூடுதல். அதையும் இருபது இருபது லிட்டராக ஊற்றி அளவீடு செய்த பிறகே நம்ப வேண்டும்.

செலவில்லாத வழி பழைய வழிதான். டேங்க் நிரப்பி, அடுத்த முறை மீண்டும் நிரப்பும் வரை ஓடிய தூரத்தை (மேலே சொன்னபடி சரிபார்த்த தூரத்தை) ஊற்றிய லிட்டரால் வகுத்து, தடவாரியாக எழுதி வாருங்கள். பாரம் ஏற்றி மலை ஏறிய டிரிப்பையும் வெறும் வண்டியாகத் திரும்பிய டிரிப்பையும் ஒப்பிடாதீர்கள்.

வண்டி திருட்டுப் போனா இங்கிருந்தே இன்ஜினை ஆஃப் பண்ண ரிலே மாட்டித் தர்றாங்க. மாட்டலாமா?

மாட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஓடும் லாரியின் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் நிற்கும். நல்ல கருவிகள் வேகம் குறையும் வரை காத்திருந்து துண்டிக்கும், மலிவானவற்றில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை நீங்கள் சோதித்துப் பார்க்கவும் முடியாது. ரிலே பழுதானால் நடு ரோட்டில் தானாகவே வண்டி நிற்கும் அபாயமும் உண்டு.

வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 ஜூலையில், உலகெங்கும் விற்பனையான ஒரு மலிவுக் கருவியில் மாற்ற முடியாத பொதுக் கடவுச்சொல் இருப்பதையும், தொடர்பில்லாத ஒருவர் அதன் வழியாக எரிபொருளைத் துண்டிக்க முடியும் என்பதையும் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கையாக வெளியிட்டது. ரிலே இருந்தாலும் இல்லாவிட்டாலும், 123456 என்று வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள், உங்கள் எண்ணிலிருந்து வரும் கட்டளையை மட்டும் ஏற்குமாறு அமையுங்கள். வண்டி திருட்டுப் போனால் காவல்துறைக்கு இருப்பிடத்தைக் கொடுங்கள், நீங்களே துரத்திப் போக வேண்டாம்.

டிரைவர் வயரைப் பிடுங்கிட்டா? ஜாமர் வெச்சுட்டா?

வயரைப் பிடுங்கினால் உள் பேட்டரியின் துணையுடன் கருவி உடனே எச்சரிக்கை அனுப்பும். அலைகளை மறிக்கும் ஜாமர் இருந்தால் இடமோ தொடர்போ அறுந்துபோகும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் அறுந்தது என்பது பதிவில் நிற்கும். தனியார் ஜாமர் வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம்.

டிரைவருக்குத் தெரியாம மறைச்சு மாட்டிடலாமா? சொன்னா கோவிச்சுக்கறாங்க.

சொல்லிவிட்டு மாட்டுங்கள். திருடனுக்குத் தெரியாத இடத்தில் பெட்டி இருக்கலாம், ஓட்டுநருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. தமக்குத் தெரியாமல் வைத்ததை ஒருநாள் கண்டுபிடித்தவர் பிறகு உங்களை நம்ப மாட்டார், நல்ல ஓட்டுநர் கிடைப்பது கருவி கிடைப்பதைவிடக் கடினம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டுவிட்டது. யார் பார்ப்பார்கள், எதற்குப் பார்ப்பார்கள் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இருவருக்குமே பாதுகாப்பு.

இந்தப் பதிவு ஓட்டுநருக்கும் சொந்தமானது என்று நடத்தினால் கோபம் தணிந்துவிடும். மில் வாசலில் லோடு இறக்காமல் இரண்டு நாள் நிறுத்திவைத்தால் காத்திருப்புப் பணம் கேட்க, வந்து சேர்ந்த நேரத்துக்கு அதுவே ஆதாரம். வழியில் வண்டி நின்றால், இடத்தை விளக்கத் தெரியாத ஊரில் மெக்கானிக்கை அனுப்ப அது உதவும். இரவு முழுவதும் ஓட்டியவரை மறுபடி உடனே கிளம்பச் சொல்லாமல் இருக்க உரிமையாளருக்கும் அது நினைவூட்டும். ஓட்டுநர் வீட்டுக்கு வண்டியோடு போயிருக்கும் நாளில் மேப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு பத்து நிமிட நிறுத்தத்துக்கும் போன் போட்டு ஏன் நிறுத்தினாய் என்று கேட்பது, ஓட்டிக்கொண்டே போனை எடுக்கும்படி அவரைத் தூண்டுவதாகும்.

விபத்து கேஸ்ல, நம்ம வண்டி அங்கே இல்லைன்னு இந்தப் பதிவைக் காட்டினா செல்லுமா?

காட்டலாம், ஆனால் போன் திரையைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுடன் உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். சந்தா சேவை என்றால் அந்த நிறுவனத்திடமும், சொந்த சர்வர் என்றால் அதைப் பராமரிப்பவரிடமும் சான்றிதழுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். எதிர்த்தரப்பு எழுப்பக்கூடிய கேள்விகள் மேலே உள்ள பதில்களில் இருக்கின்றன: அந்த நிமிடத்தில் செயற்கைக்கோள் கிடைத்ததா, புள்ளிகளுக்கு இடைவெளி எவ்வளவு, கருவி அந்த வண்டியில்தான் இருந்ததா. கருவி எண், வண்டி எண், மாட்டிய தேதி மூன்றும் உள்ள ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும். பல சேவைகள் பழைய பதிவுகளைச் சில மாதங்களில் அழித்துவிடுகின்றன, ஆகவே விபத்து நடந்த அன்றே அந்த நாளின் முழுப் பதிவையும் இறக்கி இரண்டு இடங்களில் சேமித்துக்கொள்ளுங்கள்.